கயிறு கட்டிய காத்தாடியின் சத்தம்

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்கள் கேட்டால் முன்பெல்லாம் மெனக்கெட்டு விளக்குவேன். இப்போது "கம்ப்யூட்டர்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன். விளக்கப் போய்ப் பட்ட பாடு போதும்.

ஆனால் இந்தக் கதைக்கு அது தெரிந்தாக வேண்டும். அதனால் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். விமானத்தின் இறக்கைக்குக் கீழே பெரிய பீப்பாய் மாதிரி தொங்குகிறதே, அதற்குள் ஒரு விசிறி சுற்றுகிறது. அந்தப் பீப்பாயைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறியை இன்னும் பெரிதாக்கி வெட்டவெளியில் சுற்றவிட்டால் எரிபொருள் மிச்சமாகும். திறந்த ரோட்டார் எஞ்சின் என்பார்கள். நாங்கள் கணக்குப் போடுவதில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு விசிறிகள். முன்னது ஒரு பக்கம் சுற்றினால் பின்னது எதிர்ப்பக்கம் சுற்றும். வில்லங்கம் என்னவென்றால், சத்தத்தை மூடி மறைக்க அங்கே பீப்பாய் கிடையாது. முன் விசிறி கலக்கிவிட்ட காற்றைப் பின் விசிறி வெட்டிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு ஊளை கிளம்பும். அந்த எஞ்சினைச் செய்வதற்கு முன்பே அது எந்தத் திசையில் எவ்வளவு கத்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஆபீஸ் பெங்களூரில் இருக்கிறது. நான் இருப்பது கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டத்து வீட்டில்.

இதை நான் விளக்கி முடித்ததும் என் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, மோவாயில் கை வைத்துக்கொண்டு கேட்டார்கள். "அப்ப இன்னும் செய்யாத மிசினு இன்னும் போடாத சத்தத்துக்கு உனக்குச் சம்பளம் குடுக்குறாகளாத்தா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அன்றிலிருந்து ஊருக்குள் என்னைச் சத்த ஜோசியக்காரி என்று ஆக்கிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா தன் மருமகள் வாயைத் திறக்கப்போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கிண்டல்தான். ஆனால் கண்ணில் கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது.

எங்கள் தோட்டமும் அண்ணன் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு வேலி. நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. அதனால் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் அந்த வேலிதான் தூரம். கூடப் பிறந்தது அண்ணன் ஒருவர்தான். என் மகளுக்கு மூன்று வயது நிறைவதற்குள் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று ஆவணியில் நாள் குறித்திருந்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்கு ஆசாரி ஊசியை எடுக்க மாட்டார். மாமன் ஒருத்தர்தான், மடியும் ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திராட்சை பழுக்கிற சமயத்தில் மைனாவும் கொண்டைக்குருவியும் கிளியும் பந்தலில் வந்து இறங்கும். தின்பது கொஞ்சம்தான். கொத்திக் கெடுப்பது கொத்துக் கொத்தாக. பந்தல் முழுக்க வலை போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் ஆடிக் காற்று தொடங்கியதும் எல்லாரும் ஒரு கம்பு நட்டு அதன் உச்சியில் தகரக் காத்தாடி மாட்டுவார்கள். அது சுற்றும்போது ஒரு தட்டில் அடித்துக் கடகடவென்று சத்தம் போடும். குருவிகள் இரண்டு நாள் பயப்படும். மூன்றாம் நாள் அந்தக் கம்பிலேயே உட்கார்ந்து இறகைக் கோதும்.

இந்தக் கவலையில் இருந்த என் வீட்டுக்காரர், ஒரு நாள் மத்தியானம் எனக்குக் காப்பி கொண்டுவந்தவர், என் திரையில் சுற்றிக்கொண்டிருந்த இரட்டை விசிறியைப் பார்த்து நின்றுவிட்டார். இது ரொம்பச் சத்தம் போடுமா என்று கேட்டார். என் வேலையைப் பற்றி இந்த மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார வைத்துச் சொன்னேன். முன்னாலும் பின்னாலும் ஒரே எண்ணிக்கையில் இறக்கை இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மோதிக் கத்தும். இரண்டு விசிறியையும் நெருக்கி வைத்தால் இன்னும் கத்தும். பின்னதும் முன்னதின் அகலமே இருந்தால், முன் இறக்கையின் நுனியில் கிளம்புகிற சுழல்காற்று நேராகப் பின் இறக்கையில் போய் அடிக்கும், அதற்கும் கத்தும். இதையெல்லாம் தவிர்ப்பதற்குத்தான் நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறோம் என்றேன். மனுஷன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பெண்டாட்டி அருமை இப்போதாவது தெரிந்ததே என்று நான் பூரித்துப்போனேன்.

அடுத்த வாரம் கம்பத்தில் லேத்துப் பட்டறைக்குப் போய்விட்டு வந்தவர் பின்வாசலில் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் உயரமான இரும்புக் குழாயின் உச்சியில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு தகர விசிறிகள். முன்னால் நாலு இறக்கை, பின்னால் நாலு இறக்கை. ஒரே அகலம். நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. முன்னதற்கு வலப்பக்கம் முறுக்கு, பின்னதற்கு இடப்பக்கம் முறுக்கு. செய்யக்கூடாது என்று நான் சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் செய்திருந்தார்.

"நீ சொன்ன மாதிரியே," என்றார் பெருமையாக.

வாயால் கெட்டது தவளை மட்டுமில்லை. மேற்கே மலைக் கணவாயிலிருந்து காற்று இறங்கியதும் அது சுற்ற ஆரம்பித்தது. முதலில் முனகல். பிறகு ஊளை. பசித்த நாய், பழைய பஸ், புது மாமியார் மூன்றும் சேர்ந்து ஒரே சுதியில் பாடினால் எப்படியோ அப்படி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் என் கணக்கு சொன்ன அதே ஊளை அது. இத்தனை வருஷம் திரையில் கோடாகப் பார்த்ததைக் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆபீஸ் மீட்டிங்கில் நான் மைக்கை அணைக்க மறந்த ஒரு நாள், எங்கள் மேலாளர் பேச்சை நிறுத்திவிட்டு, யார் நம் எஞ்சின் மாதிரியை ஓடவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அடுப்படி மிக்சி என்று சொல்லிவிட்டேன்.

குருவிகள் ஓடிவிட்டன. சும்மா சொல்லக்கூடாது, அந்த வாரம் எங்கள் பந்தலில் ஒரு மைனா இல்லை. அண்ணனே வேலியைத் தாண்டி வந்து, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்து, "மாப்ள, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இங்கே அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தத்துக்குப் பயந்த ஆளே கிடையாது. டிவியை அலறவிட்டுக்கொண்டுதான் அவருக்குத் தூக்கமே வரும். போனில் பேசுவது கேரளாவுக்கு என்றால், போன் இல்லாமலே அங்கே கேட்டுவிடும். டிராக்டரில் பாட்டுப் பெட்டி வைத்து உழுகிறவர். அப்பேர்ப்பட்ட ஆள், அடுத்த வாரமே காத்தாடிச் சத்தம் பொறுக்கமுடியவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். ராத்திரி கண்ணை மூட முடியவில்லை என்றார். எருமை பால் மறுக்கிறது என்றார். நாய் சோறு தின்னவில்லை என்றார். அந்த நாய் எங்கள் வீட்டு வாசலில்தான் மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தது. கடைசியாக மதினி வழியாக ஒரு வார்த்தை வந்தது. "இந்தப் பேய்க்காத்தாடி ஊளையிடுற வீட்டு விசேசத்துல நான் மடி குடுக்க மாட்டேன்னு உங்க அண்ணே சொல்லிட்டாக."

பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை தைத்தாயிற்று. மாமன் இல்லாமல் அந்தப் பிள்ளை யார் மடியில் உட்காரும்? வீட்டுக்காரரிடம் காத்தாடியை இறக்கச் சொன்னேன். அவர் முறுக்கிக்கொண்டார். குருவி தின்றால் உங்கள் அண்ணன் வந்து பழம் கொடுப்பாரா என்று கேட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டது நான்தான், நானே பிடிக்கிறேன் என்று கிளம்பினேன்.

முதலில் கணக்கு. காத்தாடி நிற்கும் இடம், அதன் உயரம், காற்றின் வேகம், அண்ணன் வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டர் நிரலுக்குள் கொடுத்தேன். விமான எஞ்சினுக்காக எழுதிய நிரல், எருமைக் கொட்டகையைக் கண்டதும் கொஞ்சம் திணறியது. ஆனாலும் விடை வந்தது. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இறக்கை இருந்தால் சத்தம் அச்சு வாட்டத்தில் நேராகப் பாயும். காத்தாடி காற்றைப் பார்த்து மேற்கே திரும்பி நிற்கிறது. முதுகுக்குப் பின்னால் கிழக்கே நேர்கோடு போட்டால் அண்ணன் கட்டிலின் தலைமாடு. பார்த்ததும் ஐயோ பாவம் என்றிருந்தது. மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன்.

அப்புறம் வைத்தியம். பின் விசிறியை மட்டும் கழற்றி, நாலு இறக்கையை மூன்றாக்கிச் சமமாகப் பிரித்து மாட்டச் சொன்னேன். அந்த மூன்றின் நுனியையும் வெட்டிச் சிறிதாக்கினால் சுழல்காற்று அதில் படாமல் வெளியே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி. வீட்டுக்காரர் ஆக்சா பிளேடைப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், ஆட்டுக்கிடாய் வெட்டக் கொடுத்தவர் மாதிரி. "ஆசையாச் செஞ்சத அறுக்கச் சொல்றியே" என்று மட்டும் சொன்னார். பெங்களூரில் இதையே செய்ய எங்களுக்கு எத்தனையோ மாதம் ஆகும், எத்தனையோ கையெழுத்து வேண்டும். இங்கே சாயங்காலத்துக்குள் முடிந்தது.

ஊளை போயிற்று. சுண்டக் குழம்பு கொதிக்கிற மாதிரி ஒரு முணுமுணுப்புதான் மிச்சம். போனில் சத்தம் அளக்கும் ஆப்பை வைத்துக்கொண்டு வேலி ஓரம் நடந்தேன். என் கணக்கு சொன்ன அளவுக்குக் குறைந்திருந்தது. எனக்குள் ஒரு துள்ளல். ஆபீசில் இந்த மாதிரி பொருந்தியிருந்தால் கேக் வெட்டியிருப்பார்கள். மைனாக்களும் சந்தோஷமாகத் திரும்பி வந்தன. ஒன்று முன் விசிறிக்கும் பின் விசிறிக்கும் நடுவில் நான் விட்ட இடைவெளியிலேயே உட்கார்ந்து ஊஞ்சலாடியது. வீட்டுக்காரர் அதை எனக்குச் சுட்டிக்காட்டினார். நான் பார்க்கவில்லை.

போகட்டும், பழம் போனால் போகிறது, அண்ணன் வருவார் என்றிருந்தேன். வந்தது மதினியின் போன். சத்தம் குறையவே இல்லையாம். இன்னும் காதைக் கிழிக்கிறதாம்.

எனக்கு வந்ததே கோபம். என் கணக்கைத் தப்பு என்று சொல்ல ஆபீசில் கூட ஒருத்தரும் இவ்வளவு அவசரப்பட்டதில்லை. வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, இரண்டு விசிறிகளையும் கயிறு போட்டுக் குழாயோடு கட்டினார். அன்றைக்கு ஊரில் காற்றும் இல்லை. தென்னை மட்டை அசையவில்லை. காத்தாடி கழுவேற்றிய திருடன் மாதிரி அப்படியே நின்றது. சாயங்காலம் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னா சத்தம், என்னா சத்தம், மனுசன் இருக்க முடியுதா இங்கன" என்று சொல்லிக்கொண்டே போனார்.

நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுற்றாத காத்தாடிக்குச் சத்தத்தைக் கணக்குப் போட என்னிடம் நிரல் இல்லை. அண்ணனுக்குக் காதுக்குள்ளேயே ஏதோ இரைச்சல் என்று முடிவு செய்தேன். தேனியில் காது டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று நேரமும் வாங்கிவிட்டேன். அதைச் சொல்ல, அண்ணன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து மதினியிடம் போனேன்.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் உரிப்பதை நிறுத்தினார்கள். சத்தத்தின் திசை, இறக்கை எண்ணிக்கை, ஆப் காட்டிய அளவு, காதுக்குள் இருக்கும் நரம்பு, டாக்டரின் பேர் என்று நான் மூச்சுவிடாமல் கொட்டி முடித்தேன். அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். படித்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை.

"வெத்தல பாக்கு வச்சு அழைச்சீகளாத்தா உங்க அண்ணன?"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்திரிகையைப் போட்டிருந்தோமே. அண்ணன் அதற்குக் கட்டைவிரல்கூடக் காட்டினாரே. ஊர் ஊராக, ஒன்றுவிட்ட சித்தப்பா வீடுவரை தட்டு தூக்கிக்கொண்டு போய் அழைத்தோம். வருசநாட்டில் ஒரு பெரியம்மா வீட்டுக்கு மழையில் போய்வந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்த அண்ணனுக்கு எதற்குத் தட்டு என்று வீட்டுக்காரரும் நினைத்துவிட்டார், நானும் நினைத்துவிட்டேன்.

"அந்தக் குழுவுல பத்திரிகை வந்த அன்னிக்குத்தான் அவுகளுக்கு மொத மொதச் சத்தம் கேட்டுச்சு," என்றார்கள் மதினி. மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடி, மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லித் தருவார்கள். நான் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதை வகுப்பெடுக்கிறேன். படம் போட்டு வேறு காட்டுகிறேன். வேலியைத் தாண்டி வீட்டுக்கு வருவதற்குள் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டருக்குப் போன் போட்டு, காது சரியாகிவிட்டது, வரவில்லை என்று சொன்னேன்.

வீட்டுக்காரரைக் கிளப்புவது அடுத்த வேலை. மாப்பிள்ளை நான், நான் போய்க் கெஞ்ச வேண்டுமா என்றார். கெஞ்ச வேண்டாம், தட்டை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் வாருங்கள், முகத்தில் வைத்திருக்கிற அந்தக் கத்தரிக்காயை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். தேங்காய், பழம், பூ, வெற்றிலை, பாக்கு, மேலே பத்திரிகை. வேலியைத் தாண்டிக் குதித்தால் இருபது எட்டுதான். ஆனால் அழைக்கப் போகிறவர்கள் வேலி தாண்டக்கூடாது என்று மகளையும் தூக்கிக்கொண்டு, ரோட்டைச் சுற்றி, அண்ணன் வீட்டுத் தலைவாசல் வழியாகப் போனோம்.

அண்ணன் பனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தாயா என்கிற மாதிரி. டிவிச் சத்தம் நின்றது. அண்ணன் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். தோளில் துண்டு. தினமும் வேலிக்கு மேலே பார்க்கிற என்னை வரவேற்க அந்த மனுஷன் சட்டை மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பத்திரிகையை எடுத்து, முன்பே போனில் பார்த்தது தெரிந்தும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிறுத்தி நிதானமாகப் படித்தார். தாய்மாமன் என்று போட்டிருந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள காத்தாடியக் கட்டி வச்சிருக்கீக? மைனா பூராப் பழத்தையும் தின்னுட்டுப் போகுதுல்ல."

சத்தம் என்று வீட்டுக்காரர் இழுத்தார். "சத்தத்துக்கு என்னா இப்ப," என்றார் அண்ணன். "பழைய மாதிரியே நாலு றெக்கை வச்சு விடுங்க. எனக்கும் ஒண்ணு கேட்டேன்ல, அது என்னாச்சு?"

காது குத்தன்று காலையில் மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, கிழக்கே ரோட்டில் பூமி அதிர்ந்தது. அண்ணன் சீர் கொண்டுவருகிறார். குமுளி தாண்டிக் கேரளாவிலிருந்து இறக்கிய செண்டை மேளம், முன்னால் சரவெடி, பின்னால் சீர்த்தட்டுத் தூக்கிய பெண்கள், நடுவில் அதே வெள்ளைச் சட்டை. பழக்கதோஷத்தில் போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். முள் சிவப்பைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. அந்த அளவில் ஒரு எஞ்சின் கத்தினால் எந்த நாட்டிலும் விமானத்தைப் பறக்கவிட மாட்டார்கள். ஊரில் இருந்த அத்தனை மைனாவும் மலைப்பக்கம் போனதைப் பார்த்தேன். போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி மகளை அண்ணன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் திமிறினாள். அண்ணன் அவள் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவள் வாய் சரியாக அவர் காதில் பொருந்தியது. ஊசி இறங்கியது. மூன்று வயதுகூட நிறையாத பிள்ளைக்குள் அத்தனை சத்தம் இருக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லியிருக்காது. மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் குனிந்து, குறும்போடு, "என்ன மச்சான், சத்தம் ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டார்.

"எங்கன மாப்ள? எனக்கு ஒண்ணும் கேக்கலயே," என்றார் அண்ணன். ஆசாரி அடுத்த காதுக்கு வந்தார். அண்ணன் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.